கேட் போட்ட நேரம்

படிவத்தில் ஆறாவது கேள்வி:
இவ்வாண்டு எத்தனை தலைவர்களை உருவாக்கினீர்கள்?
பெட்ரோல் டேங்க் மேல் தாளை வைத்து
பேனாவை மூடினேன்.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி ஒன்று நகர்வதும் நிற்பதுமாய்
எல்லோருடைய பொறுமையையும்
எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்று வருடம் முன்பு இதே இடத்தில்
வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டேன்:
ஆண்டவரே, அந்தக் கல்லூரியில்
எனக்கு ஒருவரையும் தெரியாது,
ஒரு ஆளைத் தாரும்.
ஒரு ஆள் என்றுதான் சொன்னேன்.
உள்ளுக்குள் அவனுக்கு முகம், உயரம்,
கையில் ஒரு கிடார்
எல்லாம் நானே வைத்திருந்தேன்.

அப்படியே ஒருவன் வந்தான்.
கிளாட்வின். பேசினால் கேன்டீன் திரும்பிப் பார்க்கும்.
இரண்டு வாரம் வந்தான்.
மூன்றாவது வாரம் கல்லூரித் தேர்தலில் நின்றான்.

மிஞ்சியது ஓபேத்.
விடியற்காலை இரண்டரைக்குக் காசிமேட்டில்
ஐஸ் பெட்டி இறக்குவான்.
எட்டரைக்கு பி.காம் முதல் வகுப்பு.
பன்னிரண்டே முக்காலுக்கு
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நான் யோவான் சுவிசேஷத்தைத் திறந்ததும்
அவன் கண்ணை மூடுவான்.
ஜெபம் என்று நினைத்து நெகிழ்ந்தேன்,
குறட்டை வரும்வரை.

அப்புறம் பார்கவி.
நம்பவில்லை, நம்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை,
வாரம் தவறாமல் வந்து
கேள்வியாகக் கேட்டாள்.
"எல்லாரும் பயந்துபோய் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருக்காங்க.
தோமா மட்டும் வெளிய போயிருக்காரு.
அப்ப தைரியசாலி யாரு சார்?"
நான்கு வருட இறையியல் படிப்பு
பதில் தேடிப்
பையைத் துழாவியது.

ஒரு ராத்திரி திருவொற்றியூர் மாடியில் ஒன்பது பேர்.
தூரத்தில் மணலியின் தீநாக்கு.
எனக்குப் பிரசங்கம் பொங்கி வந்தது:
"அதோ பாருங்கள், இரவும் பகலும் அணையாமல்!
அப்படி எரியுங்கள்!"
ஓபேத் அன்றைக்கென்று விழித்திருந்தான்.
"அது வேண்டாத கேஸுண்ணே.
வேற வழி இல்லாம கொளுத்தறாங்க.
அது பெருசா எரியற அன்னிக்கு
எங்கம்மாவுக்கு மூச்சு இழுக்கும்."
யாரும் சிரிக்கவில்லை.
அந்த உதாரணத்தை அதற்குப்பின்
எங்கும் நான் சொல்லவில்லை.
எரிவதைப் பற்றியே கொஞ்ச நாள் பேசவில்லை.

போன வருடம் டைபாய்டு. ஆறு வாரம் படுக்கை.
என் கூட்டம் கலைந்திருக்கும் என்று
கவலைப்பட்டேன் என்பது பாதி உண்மை.
நான் இல்லாமல் கலையாமல் இருந்துவிடுமோ என்பது
மீதி.

திரும்பிப் போனபோது பதினான்கு பேர்.
ஓபேத் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து
முதலில் கேட்டான்: "இன்னிக்கு யாரு சாப்பிடல?"
இரண்டு டிபன் பாக்ஸ்கள் கை மாறின.
ஒரே ஒரு வசனம் வாசித்தான், எழுத்துக் கூட்டி.
"பார்கவி, ஆரம்பி" என்றான்.
அவள் ஆரம்பித்தாள்.
சுவரில் சாய்ந்து ஒருவன் தூங்கினான்.
எழுப்பப் போன என் கையைப் பிடித்துக்கொண்டான்.
"நைட் ஷிப்ட்ணே. இங்கயாவது தூங்கட்டும்."

எவாஞ்சலினும் மோனிஷாவும் எங்கே என்றேன்.
வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிக்கு
வியாழக்கிழமைதோறும் போகிறார்களாம்.
"அங்கே நமக்கு யாரையாவது தெரியுமா?"
"யாரையும் தெரியாதுண்ணே.
அதான் அனுப்பினேன்."

என்னைக் கேட்காமல்.
கொஞ்சம் குத்தியது, மறைக்கவில்லை.
அவர்களுக்கு பஸ் காசு எங்கிருந்து என்று கேட்டேன்.
ஐஸ் பெட்டிக்கு இத்தனை என்று
ஒரு கணக்கு சொன்னான்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆறாவது கேள்விக்கு
ஒரு கட்டம்தான் விட்டிருக்கிறார்கள்,
இரண்டு இலக்கம் பிடிக்கும்.
சுழியம் போட்டால் பொய்.
ஒன்று போட்டால் அதைவிடப் பெரிய பொய்.
உருவாக்கினீர்கள் என்ற சொல்லையே
பார்த்துக்கொண்டிருந்ததில்
கடைசிப் பெட்டி போனதைக் கவனிக்கவில்லை,
கேட் தூக்கியதையும்.

பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்
ஹாரனில் கையை எடுக்காமல் கத்துகிறார்:
"இன்னா சாரே, தூங்கிட்டியா?"